வீட்டுக்குள் யாருக்கு எந்தச் சாவி?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் நாட்டு முன்னேற்றம் பற்றியும் வாழ்க்கையில் வெற்றி பெறும் வழி பற்றியும் பேசிவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவனுக்கு அவ்வளவு பெரிய தலைப்பு தாங்காது. சங்கச் செயலாளர் என்னிடம், "வீட்டுக்குப் போய் நாளைக்கே செய்யற மாதிரி ஏதாவது சொல்லுப்பா" என்றார். அதனால் வீட்டு விஷயம் ஒன்றையே எடுத்துக்கொண்டேன். வீட்டில் நாலைந்து பேர் ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறோம். ஒரு கணிப்பொறியில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து வைக்கிறோம். அதில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம், யார் எதை அழிக்கலாம்? இதுதான் தலைப்பு. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அந்த ஃபோல்டருக்குள் உங்கள் வீட்டுப் பத்திரத்தின் நகலும், இன்று இல்லாத தாத்தா பாட்டியின் போட்டோவும் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

முதலில் நம் விடுதியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் காலத்தில் அறைக்கு அறை ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்து, வராந்தா மூலையில் ஒரு சுவிட்ச் பெட்டி வைத்து, நாங்களே ஒரு நெட்வொர்க் போட்டிருந்தோம். பாட்டு, சினிமா, பழைய கேள்வித்தாள் எல்லாம் அதில்தான் ஓடும். அப்போது எல்லா மெஷினிலும் விண்டோஸ் எக்ஸ்.பி. அதில் 'சிம்பிள் ஃபைல் ஷேரிங்' என்று ஒன்று இருந்தது. நெட்வொர்க் வழியாக யார் வந்தாலும் அவரை 'கெஸ்ட்' என்ற ஒரே பெயரில்தான் அது உள்ளே விடும். வருகிறவர் யார் என்றே அதற்குத் தெரியாது. ஆகவே ஒருவருக்கு மாற்றும் உரிமை கொடுத்தால் அது எல்லாருக்கும் கொடுத்ததாகிவிடும்.

என் பக்கத்து அறை நண்பன் ஒருவன் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கூட்டாளிக்கு அனுப்புவதற்காக, 'மாற்றலாம்' என்ற கட்டத்தை டிக் செய்து ஃபோல்டரைப் பகிர்ந்தான். அடுத்த நாள் காலை பார்த்தால் ஃபோல்டர் காலி. யாரோ இடம் அடைக்கிறது என்று அழித்திருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். இன்றுவரை தெரியாது. மறுசுழற்சித் தொட்டியில் தேடினான், அங்கேயும் இல்லை. தம்பிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் வழியாக அழித்த ஃபைல் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. நேராகப் போய்விடும். 60 பக்கத்தை அவன் மூன்று இரவு உட்கார்ந்து மறுபடி அடித்தான்.

இது நம் விடுதிக்கு மட்டும் வந்த கேடு அல்ல. ஒரு கணிப்பொறியைப் பலர் சேர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்தே உள்ளது. 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு இருந்தது. ஒரு நாள் பிற்பகல், உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னாலும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் வரிசையாக அச்சாகி வந்ததாம். காரணம் என்ன? நிர்வாகிகள் இருவர் ஒரே டைரக்டரியில், ஒரே நேரத்தில், ஒருவர் அறிவிப்பையும் மற்றவர் பாஸ்வேர்டு ஃபைலையும் திருத்தியிருக்கிறார்கள். எடிட்டர் புரோகிராம் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிக ஃபைல் போட்டது. இரண்டும் இடம் மாறிவிட்டன. அந்த அமைப்பை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கார்பட்டோ, 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது ஏற்புரையில் இதைத் தானே சொல்லியிருக்கிறார். ஒரே இடத்தைப் பலர் புழங்கினால், யாருக்கு எது என்பதை முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இன்றைய விண்டோஸில் பகிர்ந்த ஃபோல்டருக்கு இரண்டு பூட்டுகள். இதைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

முதல் பூட்டு, ஷேர் அனுமதி. அது விடுதி வெளிக்கேட் மாதிரி. இரண்டாவது, என்.டி.எஃப்.எஸ். அனுமதி. அது அறைக் கதவு மாதிரி. வெளியிலிருந்து வருகிறவர் இரண்டையும் தாண்டியாக வேண்டும். கேட்டில் 'படிக்க மட்டும்' என்றும், அறைக் கதவில் 'மாற்றலாம்' என்றும் இருந்தால், கடைசியில் கிடைப்பது படிக்கும் உரிமை மட்டுமே. இரண்டில் எது கண்டிப்போ அதுவே செல்லும். "சார், செக்யூரிட்டியில எல்லாம் கொடுத்திட்டேன், இன்னும் சேவ் ஆகலையே" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் கேட்டைப் பார்க்க மறந்தவர்கள்.

இன்னொன்று. விடுதிக்குள்ளேயே இருப்பவனுக்குக் கேட் எதற்கு? அதுபோல, அந்தக் கணிப்பொறியின் முன்னால் உட்கார்ந்து நேராக உள்ளே நுழைகிறவருக்கு ஷேர் அனுமதி பொருந்தாது. அவரைத் தடுப்பது அறைக் கதவு மட்டுமே. ஆகவே நான் கையாளும் முறை இது: கேட்டில், கணக்கு உள்ள எல்லாருக்கும் 'சேஞ்ச்' வரை கொடுத்துவிட்டு, நுணுக்கமான கணக்கையெல்லாம் அறைக் கதவில் வைப்பது. பூட்டு இரண்டு இருந்தாலும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றாகிவிடும்.

இனி என் வீட்டையே உதாரணமாகச் சொல்கிறேன். அப்பா, அம்மா, மனைவி, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தங்கை, நாலாம் வகுப்பு படிக்கும் மகள், நான் என்று ஆறு பேர். ஏழாவதாக ஹாலில் ஒரு டிவி. டிவியை ஏன் சேர்க்கிறேன் என்று சிரிக்காதீர்கள், காரணம் பிறகு வரும். ஹாலில் எல்லாரும் உட்கார்ந்து, மகளுடைய கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இடப்பக்கம் ஃபோல்டர் பெயர், மேலே ஆட்களின் பெயர் எழுதிக் கட்டம் போட்டோம். கணிப்பொறியைத் தொடும் முன் இந்தத் தாள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

'பத்திரம்' என்ற ஃபோல்டர்: வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, இன்சூரன்ஸ், பென்ஷன் தாள்கள். மாற்றும் உரிமை அப்பாவுக்கு. எனக்கும் மனைவிக்கும் படிக்க மட்டும். மகளுக்கும் டிவிக்கும் அது திறக்கவே கூடாது. 'போட்டோ': எல்லாரும் பார்க்கலாம். அடுக்குவதும் நீக்குவதும் மனைவியும் நானும். 'பாட்டு': எல்லாருக்கும் படிக்க, தங்கைக்கு மாற்ற. 'பள்ளி': மகளுக்கும் எங்களுக்கும் மாற்ற. பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு சொந்த ஃபோல்டர். கடைசியாக 'வரவு' என்று ஒன்று. யார் வேண்டுமானாலும் எதையும் அதில் போடலாம். போட்டவர் தன் ஃபைலை மாற்றலாம், மற்றவர் போட்டதைத் தொட முடியாது. விண்டோஸில் 'கிரியேட்டர் ஓனர்' என்ற பெயருக்கு மாற்றும் உரிமையும், மற்றவர்களுக்குப் படிப்பதும் புதிதாகப் போடுவதும் மட்டும் கொடுத்தால் இது அமைந்துவிடும். போட்டோ எடுத்த யாரும் 'வரவு' ஃபோல்டரில் போட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மனைவி எடுத்து அடுக்கிவிடுவார்.

அம்மா பெயர் வந்தபோது, "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம், நான் தொடவே போறதில்ல" என்றார். அப்பாதான் விடவில்லை. "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பத்திரம் முதல்ல யாருக்கு வேணும்? அவளுக்குத்தானே. எழுதுப்பா" என்றார். ஹாலில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மா பெயருக்கு நேரே 'படிக்க' என்று எழுதினோம். அடுத்த வாரம் மகள் பாட்டிக்கு அதைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

ஆனால் அதே அப்பா, ஒரு மாதம் கழித்து 'போட்டோ' ஃபோல்டரில் மங்கலாக இருந்த படம் ஒன்றை நீக்கப் போனார். அனுமதி இல்லை என்று திரையில் வந்துவிட்டது. முகம் வாடிவிட்டது. "ஏம்ப்பா, நான் கட்டின வீட்ல எனக்கே பர்மிஷன் இல்லையா?" என்று கேட்டார்.

நண்பர்களே, இன்று நான் சொல்ல வந்ததே அந்தக் கேள்விக்கான பதில்தான். நான் சொன்னேன்: "அப்பா, இந்த அனுமதி மனுஷனுக்குக் கொடுக்கறது இல்லப்பா. உங்க பேர்ல ஓடற புரோகிராமுக்குக் கொடுக்கறது. உங்க மேல யாருக்கும் சந்தேகம் இல்ல. நீங்க ஒரு தப்பான இணைப்பை அமுக்கினா, உள்ள வர்ற புரோகிராமும் உங்க பேரைத்தான் சொல்லிட்டு வரும். அது கையில எவ்வளவு சாவி இருக்கணும்னுதான் கேள்வி."

2017ஆம் ஆண்டு மே மாதம் 'வானாக்ரை' என்ற புரோகிராம் உலகம் முழுவதும் பரவியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வேலை நின்றது. விண்டோஸ் ஃபோல்டர்களைப் பகிரும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அதன் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்குத் தாவியது. அதற்கு முந்தைய மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இந்த வகைப் புரோகிராம்கள் பொதுவாக யார் பெயரில் ஓடுகின்றனவோ அவருக்கு எழுத உரிமை உள்ள பகிர்ந்த ஃபோல்டர்களையும் தேடிப் பிடித்துப் பூட்டும். அவருக்குப் படிக்க மட்டும் உரிமை என்றால், அங்கே அவர் பெயரை வைத்துக்கொண்டு எதையும் பூட்டவோ அழிக்கவோ முடியாது. என் அன்றாடக் கணக்குக்கும் 'பத்திரம்' ஃபோல்டரில் படிக்கும் உரிமை மட்டும்தான் என்று அப்பாவிடம் காட்டினேன். "அப்ப உன்னாலயும் அழிக்க முடியாதா?" என்று கேட்டு, முயன்று பார்க்கச் சொல்லி, திரையில் வந்ததைப் படித்துவிட்டுத்தான் சிரித்தார்.

எம்.ஐ.டி.யின் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இருவர் 1975ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் அடிப்படை. அதில் வரும் கொள்கைகளில் இரண்டு நம் வீட்டுக்குப் போதும். ஒன்று, வேலைக்கு எவ்வளவு உரிமை தேவையோ அவ்வளவே கொடு. இரண்டு, யாருக்கு உண்டு என்று எழுது, எழுதாதவருக்கு இல்லை என்று வை. இதைத் தலைகீழாக, எல்லாருக்கும் திறந்துவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் 'டினை' போடுவது பலரின் பழக்கம். அது வேண்டாம். டினை பொதுவாக அனுமதியை வென்றுவிடும். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்தால், ஒரு குழுவுக்குப் போட்ட டினை அவரையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். ஏன் என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

செய்முறையில் மக்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. வீட்டு நெட்வொர்க்கில் பொதுவான ஆள் பட்டியல் கிடையாது. ஃபோல்டர் எந்த மெஷினில் இருக்கிறதோ அந்த மெஷினில் ஒவ்வொருவருக்கும் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள கணக்கு வேண்டும். பாஸ்வேர்டு காலியாக இருந்தால் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. தினமும் நாலு எண் 'பின்' போட்டு நுழைகிறவர்கள் அதையே இங்கேயும் அடித்துவிட்டுத் தவிக்கிறார்கள். 'பின்' அந்த ஒரு மெஷினுக்கு மட்டும். நெட்வொர்க் கேட்பது பாஸ்வேர்டு.

இரண்டு. 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்' என்பதை அணைக்காதீர்கள். எதுவும் திறக்கவில்லை என்றதும் பலரும் சொல்லும் முதல் யோசனை அதை அணை, 'எவ்ரிஒன்' என்று போடு என்பதுதான். அப்படிச் செய்தால் திரும்ப எக்ஸ்.பி. விடுதிக்கே வந்துவிடுகிறோம்.

மூன்று. மேல் ஃபோல்டரின் அனுமதி கீழே உள்ளவற்றுக்குத் தானாக இறங்கும். 'பத்திரம்' போன்ற இடத்தில் அந்த வாரிசுரிமையை நிறுத்தி, 'யூஸர்ஸ்' போன்ற பொதுப் பெயர்களை நீக்கி, வேண்டியவர் பெயரை மட்டும் சேர்க்க வேண்டும். 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' இரண்டையும் நீக்கிவிடாதீர்கள்.

நான்கு. ஒரே டிரைவுக்குள் ஃபைலை நகர்த்தினால் பழைய அனுமதியையும் அது கூடவே எடுத்துக்கொண்டு போகும். நகல் எடுத்தால் புது இடத்தின் அனுமதி வரும். "எல்லாம் திறக்குது, இந்த ஒண்ணு மட்டும் திறக்கல" என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஐந்து. ஒரு மெஷினிலிருந்து அதே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் விண்டோஸ் இணைய விடாது. சோதித்துப் பார்க்கும்போது, பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு அடுத்த பெயரில் நுழையுங்கள். யாருக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்க, 'அட்வான்ஸ்டு செக்யூரிட்டி'யில் 'எஃபெக்டிவ் ஆக்செஸ்' என்ற பகுதி உண்டு. இருந்தாலும், அந்த ஆளின் மெஷினிலேயே உட்கார்ந்து ஒரு ஃபைலைத் திறந்து, சேமித்து, அழித்துப் பார்ப்பதே உறுதியான சோதனை.

ஆறு, டிவி விவகாரம். டிவியில் ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டால் அது அங்கேயே தங்கிவிடும். ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அந்த உரிமை. அதனால்தான் டிவிக்கென்று தனிக் கணக்கு, பாட்டும் போட்டோவும் படிக்க மட்டும். பழைய டிவி, பழைய எஸ்.எம்.பி.தான் பேசுவேன் என்று அடம் பிடித்தால், அதற்காக அந்தக் கதவைத் திறக்காதீர்கள். பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். இப்போதைய விண்டோஸில் அந்தப் பழைய பதிப்பு தானாக வருவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

லினக்ஸ் படிக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று பேர், படிக்க, எழுத, இயக்க என்று மூன்று உரிமை. 750 என்றால் உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்குப் படிக்கவும் உள்ளே நுழையவும், மற்றவருக்கு ஒன்றுமில்லை. ஒரு ஃபைலை அழிக்கும் உரிமை ஃபைலில் இல்லை, அது இருக்கும் டைரக்டரியின் எழுதும் உரிமையில் இருக்கிறது. இது தேர்வில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் பலரை ஏமாற்றும். பலர் எழுதும் டைரக்டரியில் 'ஸ்டிக்கி பிட்' போட்டால், டைரக்டரியின் சொந்தக்காரரும் நிர்வாகியும் தவிர, அவரவர் ஃபைலை அவரவர்தான் அழிக்க முடியும். எங்கள் வீட்டு 'வரவு' ஃபோல்டர் அதே யோசனைதான். லினக்ஸ் மெஷினில் சாம்பா போட்டுப் பகிர்ந்தாலும் அதே இரண்டு பூட்டுக் கணக்கு. சாம்பாவின் அமைப்பு ஒன்று, கீழே உள்ள டைரக்டரி உரிமை ஒன்று. கண்டிப்பானதே செல்லும்.

இனி, இதையெல்லாம் அமைக்கும் ஆளைப் பற்றி. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அந்த ஆள் நாம்தான். நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவர் எந்த ஃபோல்டரையும் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டு திறக்க முடியும். என் தங்கையின் சொந்த ஃபோல்டரில் என் பெயர் இல்லை. ஆனால் நினைத்தால் என்னால் நுழைய முடியும் என்பது அவளுக்கும் தெரியும், நான்தான் சொன்னேன். "அப்புறம் எதுக்குண்ணா இந்தப் பூட்டு?" என்று கேட்டாள். "நான் அதை என் பேருக்கு எடுத்துக்கிட்டு நுழைஞ்சா, பொதுவா சொந்தக்காரர் பேர் மாறியிருக்கும், அனுமதிப் பட்டியல் மாறியிருக்கும். அதுக்கு மேல வேணும்னா, உன்னோடதை நீயே என்க்ரிப்ட் பண்ணி வெச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது அந்தச் சாவி அவளிடம் மட்டும். கைக்கு எட்டுகிறது என்பதால் எடுத்துப் பார்க்கும் உரிமை வந்துவிடாது. அலுவலகத்தில் சர்வரை நிர்வகிக்கப் போகும் மாணவர்கள் இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே தொடங்குவது நல்லது.

நிர்வாகிக் கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்தக் கட்டம் போட்ட தாளையும் கூடவே வையுங்கள். நமக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வீட்டார் யாரைக் கேட்பார்கள்?

கடைசியாக ஒன்று. அனுமதி வேறு, காப்பு வேறு. எவ்வளவு சரியாக அனுமதி வைத்தாலும் ஹார்டு டிஸ்க் கெட்டால் போனதுதான். வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி வையுங்கள். செருகியே இருக்கும் டிஸ்க்கும் ஆபத்தில் இருக்கும் டிஸ்க்தான்.

முன்னாள் மாணவ நண்பர்களே, வீடு திரும்பியதும் ஒரு தாளை எடுத்து வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் அழிக்கலாம் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். மாணவர்களே, விடுதியில் இன்றிரவே உங்கள் பகிர்ந்த ஃபோல்டரில் 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் உள்ளவர்கள் முதலில் பாருங்கள்.